கணினிக்குப் பொருள் சொல்லித் தந்தவர்கள்

நள்ளிரவில் ஒரு மருத்துவமனை. நெஞ்சுவலியால் துடிக்கும் நோயாளிக்கு எந்த மருந்து ஏற்றது என்று அறிய, மருத்துவர் கணினியில் 'ஹார்ட் அட்டாக்' எனத் தட்டச்சு செய்கிறார். அவருக்கு வேண்டிய ஆய்வுக் கட்டுரையிலோ அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. அதை எழுதியவர் மாரடைப்பை 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்றே குறிப்பிட்டிருக்கிறார். எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி, அக்கட்டுரையைத் தாண்டிப் போய்விடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவுவது 'மெஷ்' என்னும் சொற்பட்டியல். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் இதை வெளியிட்டது. ஒரு நோய்க்கு எத்தனை பெயர்கள் இருந்தாலும் இப்பட்டியலில் தலைப்புச் சொல் ஒன்றுதான். மற்ற பெயர்கள் அதன்கீழ் அடங்கும். தலைப்புகள் மரக்கிளைகளைப் போல் பிரிந்து செல்கின்றன. ஆகவே, 'இதய நோய்கள்' என்று தேடினால் அதன் கிளையான மாரடைப்பும் அகப்படும்.

பட்டியல் மட்டும் போதுமா? அறிவியல் பயின்ற வல்லுநர்கள் பல்லாண்டுகளாகக் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தலைப்புகளை இட்டு வந்தனர். இதுதான் கடினமான வேலை. ஒரு கட்டுரையில் 'நீரிழிவு' என்ற சொல் இருபது முறை வரலாம். ஆனால், கட்டுரை உண்மையில் கண்பார்வையைப் பற்றியதாக இருக்கலாம். சொற்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்காது, படித்தால்தான் விளங்கும். கட்டுரையின் மையக் கருத்து எதுவோ, அந்தத் தலைப்புக்கு அவர்கள் நட்சத்திரக் குறி இட்டனர்.

இன்று அந்நூலகத்தின் 'பப்மெட்' தளத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இவ்வளவையும் மனிதரே படித்து முடிக்க இயலுமா? 2022 முதல் தலைப்பிடும் பணியைக் கணினியே செய்கிறது. வல்லுநர்கள் முன்பு இட்ட தலைப்புகளைப் பார்த்தே அது இப்பணியைக் கற்றுக்கொண்டது. கணினி இட்டவற்றுள் ஒரு பகுதியை வல்லுநர்கள் இன்றும் சரிபார்த்துத் திருத்துகின்றனர்.

பழையதைப் பார்த்துக் கற்கும் கணினி, முன்பு இல்லாத ஒன்றை என்ன செய்யும்? 2020இன் தொடக்கத்தில் கோவிட்-19 பரவியபோது, ஆய்வாளர்கள் அதைப் பல பெயர்களால் அழைத்தனர். பட்டியலில் அந்நோய்க்கு இடமே இல்லை. கட்டுரைகளோ நாள்தோறும் குவிந்தன. அவ்வாண்டே நூலகத்தினர் அதற்கு ஒரு பெயரிட்டு, மற்ற பெயர்களை அதனுடன் இணைத்தனர். அதன்பின், எந்தப் பெயரால் தேடிய மருத்துவருக்கும் அக்கட்டுரைகள் கிடைத்தன.