எம்.ஏ. பொருளாதாரம்: நம் பெண்களைப் படிக்க வைக்கலாமா?

பி.ஏ. பொருளாதாரம் முடித்த மகளை மேலே படிக்க அனுப்பலாமா என்று உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். "அதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? தறியில உக்காந்தா நாலு காசு வருமே" என்ற பேச்சும் கூடவே வருகிறது. இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பொருளாதாரம் என்றால் பங்குச்சந்தை, பட்ஜெட், டெல்லி சமாச்சாரம் என்று நினைக்கிறோம். ஆனால் உலகத்துப் பொருளாதார அறிஞர்கள் பாடம் படிக்க நம் ஆரணிக்கே வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற பெண் 1973-ல் இங்கே ஆய்வுக்கு வந்தார். அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒரு முறை நம் ஊர்க் கடைகள், அரிசி ஆலைகள், பட்டுத் தொழில் எல்லாம் எப்படி மாறின என்று கணக்கெடுத்தார்கள். சென்னை அடையாறில் உள்ள எம்.ஐ.டி.எஸ். ஆய்வு நிறுவனத்து அறிஞர்களும் சேர்ந்து பட்டு நெசவையும் சுற்றுக் கிராமங்களையும் ஆராய்ந்தார்கள். ஆரணியைப் பற்றிய ஒரு முழுப் புத்தகமே 2016-ல் வந்தது. நம் தெருவில் நடப்பதை அவர்கள் பல்கலைக்கழகங்களில் பாடமாகப் பேசுகிறார்கள். நமக்கு அது தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

அவர்கள் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறோம். முதலாளி பாவு, பட்டு, ஜரிகை கொடுக்கிறார். நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கூடவே முன்பணமும் தருகிறார். அந்த முன்பணத்துக்குப் பல இடங்களில் வட்டி கிடையாது. "வட்டியில்லாத கடன், நல்லதுதானே" என்று தோன்றும். ஆனால் பணத்தைத் திருப்பித் தரும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. அவர் கூலியை ஐம்பது ரூபாய் கூட்டித் தந்தாலும் போக முடியாது. அப்படியானால் அந்த ஐம்பது ரூபாய்தான் வட்டி. நெல் வியாபாரியிடம் கடன் வாங்கிப் பயிர் வைத்து, அறுத்த நெல்லை அவருக்கே போடுகிறோமே, அதுவும் இதே கதைதான். கடனும் விற்பனையும் ஒரே முடிச்சில் இருந்தால் உண்மையான விலை கண்ணில் படாது. அந்த முடிச்சை அவிழ்த்துக் கணக்குப் போடுவதுதான் பொருளாதாரப் படிப்பு.

இன்னொன்றும் உண்டு. தார் சுற்றுவது, இழை பிணைப்பது, நூலைச் சரி பார்ப்பது எல்லாம் வீட்டுப் பெண்கள். கூலி எழுதுவது ஆண் பெயரில். பெண்களின் வேலையும் சம்பளமும் 200 ஆண்டுகளில் எப்படி மாறின என்று ஆராய்ந்த கிளாடியா கோல்டின் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 2023-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு விஷயம் நோபல் பரிசு வரை போகிற விஷயம்தான்!

இனி படிப்புக்கு வருவோம். எம்.ஏ. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். குடும்பமும் கடையும் எப்படி முடிவெடுக்கின்றன என்பது ஒரு பாடம். நாட்டு வருமானம், விலைவாசி, வேலைவாய்ப்பு இன்னொரு பாடம். புள்ளிவிவரமும் கணிதமும் கட்டாயம் வரும். இதை மறைக்கக் கூடாது. கணக்கென்றால் ஓடுகிற பெண்ணுக்கு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும். சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, கோட்டூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆகிய இடங்களில் படிக்கலாம். வெளியூர் அனுப்ப முடியாதவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் அங்கே எம்.ஏ. பொருளாதாரம் சேரலாம்.

செலவைக் கணக்கிடும்போது கட்டணம், பஸ், விடுதி மட்டும் எழுதுகிறோம். அது பாதிக் கணக்கு. பெண் வேலைக்குப் போனால் மாதம் 8,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு 1,92,000 ரூபாய். படிக்கப் போனால் அந்த வருமானம் கிடையாது. இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். இதையும் எழுதிவிட்டு முடிவெடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் தரப்படும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். எம்.ஏ.வுக்கு வராது. வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு வருடச் செலவையும் குழு உள்கடனில் மட்டும் சமாளிக்கலாம் என்று இறங்குவது சரியில்லை என்பது நம் கருத்து. முதல் கட்டணத்துக்கு, விடுதி முன்பணத்துக்கு உள்கடன் போதும்.

வேலை? எம்.ஏ.வுடன் பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி ஆசிரியர். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை முதுகலைப் பொருளாதாரம் படித்தவர்கள்தான் எழுத முடியும், வயது 21 முதல் 30 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. அந்தத் தேர்வைப் பற்றி நம் பக்கத்துக் கல்லூரிப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். எம்.ஏ. முடித்த மறுநாளே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

உங்கள் வீட்டில் வாங்கிய முன்பணத்தால் எவ்வளவு கூலி விட்டுப்போகிறது? பக்கத்துத் தறிக் கூலியைக் கேட்டு, ஒரு சேலைக்கு எழுதிப் பாருங்கள்.

உங்கள் குழுவில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்? மேலே படிக்க அவர்களுக்கு விருப்பமா என்று அவர்களிடமே கேளுங்கள். பெயர்ப் பட்டியலை ஊக்குநர் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும்.