நடனச் சப்பாத்தும் அதன் நாற்றமும்

நடனக் கலையின் சிறப்பை எழுதுவோர் பலர். நடனமாடுவோர் காலில் அணியும் சப்பாத்தின் நாற்றத்தை எழுத முன்வருவோர் அரியர். விழா மலரொன்றிலே இத்தகைய பொருளை எடுத்துக்கொண்டமைக்காக ஆசிரியர்களும் பழைய மாணவரும் என்னைப் பொறுத்தருள்வாராக. பொருள் சிறியதே. ஆயினும் அதன் காரணமாக ஒரு பிள்ளை தான் விரும்பிய கலையைக் கைவிட நேருமாயின், அதனைச் சிறியதென்று தள்ளிவிடல் தகாது.

சில காலத்துக்கு முன்னர் இலண்டன் மாநகரிலே என் மகளின் இல்லத்திற் சில மாதங்கள் தங்கியிருந்தேன். பத்து வயதுடைய என் பேர்த்தி அங்கே 'பாலே' எனப்படும் ஐரோப்பிய நடனத்தைப் பயின்று வந்தாள். ஒரு நாள் அவள், "அம்மப்பா, நான் இனி நடன வகுப்புக்குப் போகமாட்டேன்" என்று கூறி அழுதாள். பலமுறை வினவிய பின்னரே காரணம் வெளிவந்தது. உடைமாற்றும் அறையில் அவள் சப்பாத்தைக் கழற்றியபொழுது அருகிலிருந்த சிறுமி மூக்கைப் பொத்தினாளாம். அன்று முதல் இவள் அச்சப்பாத்தைப் பொலித்தீன் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, அலுமாரியின் அடியில் ஒளித்து வந்திருக்கிறாள்.

அதைக் கேட்டபொழுது எனக்கு 1960களில் நம் கல்லூரி விடுதியிலே கட்டிலின் கீழிருந்த என் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. உதைபந்தாடிவிட்டு வந்து, ஈரம் உலராத கன்வஸ் சப்பாத்தை அப்பெட்டியிலேயே பூட்டி வைப்பேன். பிறர் முகஞ் சுளிப்பர் என்னும் நாணமே அதற்குக் காரணம். ஈற்றில் அந்நாணத்தினாலேயே விளையாட்டையும் விட்டேன். காரணங் கேட்ட ஆசிரியரிடம், படிப்பு மிகுந்துவிட்டது என்றேன். அப்பொய்யை இம்மலரிலே இன்று திருத்திக்கொள்கின்றேன். என் பிழை பேர்த்தியிடமும் தொடரலாகாது என்று கருதி, கல்லூரியிற் கற்ற இரசாயனத்தை மீட்டும், புதியனவற்றைப் படித்தும் நான் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

நாற்றம் பிறக்குமாறு

நம் பரதநாட்டியம் வெறுங்காலால் ஆடப்படுவது. ஆடி முடிந்ததும் காலைக் கழுவித் துடைத்தால் வேலை தீர்ந்தது. ஐரோப்பிய நடனமோ சப்பாத்துடன் வளர்ந்தது. 1832ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் 'லா சில்பீட்' என்னும் நடன நாடகத்தில் மரி தல்யோனி என்னும் நங்கை விரல் நுனியில் நின்றாடிப் புகழ்பெற்றார். அவர் அணிந்தது மெல்லிய சாட்டின் சப்பாத்து. பிற்காலத்தில் அதன் முனை துணி, கடதாசி, பசை ஆகியவற்றை அடுக்கி இறுக்கமாக்கப்பட்டது. பயிலும் சிறுவர் அணிவது மெல்லிய தோலாலோ கன்வசாலோ ஆனது. எவ்வகையாயினும் அது காலை இறுகப் பற்றியே இருத்தல் வேண்டும். காற்றுப் புக இடமில்லை.

உள்ளங்காலின் தோலிலே ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 250க்கு மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் உள. வெப்பத்தால் மாத்திரமன்றி அச்சம், நாணம் முதலியவற்றாலும் அவை சுரக்கும். ஆயினும் புது வியர்வைக்கு நாற்றம் அனேகமாக இல்லை. அது பெரும்பாலும் நீரே. சிறிதளவு உப்பும் அமினோ அமிலங்களும் அதிற் கலந்திருக்கும். நம் தோலில் இயல்பாகவே வாழும் பற்றீரியாக்கள் ஈரமும் இளஞ்சூடும் உள்ள இடத்திற் பெருகி, அவ்வியர்வையிலுள்ள இலூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலரிக்கமிலத்தை உண்டாக்குகின்றன. கால் நாற்றத்தின் முதன்மையான பொருள் இவ்வமிலமே. 1990ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர் இதனை விளக்கினர்.

வேறொரு செய்தியும் உண்டு. லிம்பேர்கர் என்னும் ஐரோப்பியப் பாற்கட்டியைப் பதப்படுத்தும் பற்றீரியாவும், மனிதர் கால்விரலிடுக்கில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவும் ஓரினத்தவை. விலை கொடுத்து வாங்கியுண்ணும் பாற்கட்டியின் மணத்தையே தன் சப்பாத்தும் பெற்றிருக்கின்றது என்று கேட்டதும் என் பேர்த்தி அழுகையை நிறுத்திச் சிரித்தாள். நாற்றம் இழிவினால் வருவதன்று, ஈரத்தினால் வருவது என்பதை அவள் உணர்ந்துகொண்டாள். பையிற் கட்டி ஒளித்தமையே பற்றீரியாவுக்கு ஈரத்தையும் இடத்தையும் கொடுத்தது.

பரிகாரங்கள்

முதலாவது, உலர்த்துதல். மற்றெல்லாம் இதற்குத் துணையே. வகுப்பு முடிந்தவுடன் சப்பாத்தைத் துணிப்பையிலோ வலைப்பையிலோ கொண்டுவருக. வீட்டிலே வாயை நன்கு விரித்து, கசக்கிய பழைய புதினத்தாளை உள்ளே திணித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்குக. ஓரிரு மணி நேரத்தின் பின் ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதியதை இடுக. ஒரு நாள் முழுவதும் உலர விடுதல் நன்று. இரு சோடிகளை மாறி மாறி அணிதல் மிக நன்று.

இரண்டாவது, அப்பச்சோடா. இது சோடியமிருகாபனேற்று என்னும் மென்மையான மூலம். ஐசோவலரிக்கமிலம் ஆவியாகி மூக்கை அடைவதனாலேயே நாறுகின்றது. அப்பச்சோடாவுடன் தாக்கமுற்றால் அது உப்பாக மாறும், உப்பு ஆவியாகாது, ஆதலால் நாற்றமும் எழாது. கன்வஸ் சப்பாத்தாயின் ஒரு தேக்கரண்டியளவு தூளை உள்ளே தூவி, இரவு முழுவதும் விட்டுக் காலையில் தட்டிவிடலாம். தோற் சப்பாத்தாயின் தூளை நேரே இடலாகாது. அது தோலை வரளச் செய்யும். மெல்லிய பருத்தித் துணியில் ஒரு மேசைக்கரண்டியளவு முடிந்து உள்ளே வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, கரி. நம் நாட்டுச் சிரட்டைக்கரியின் பெருமையை இங்கே கூறாதிருக்க முடியவில்லை. சிரட்டைக்கரியை நீராவியால் மிக உயர்ந்த வெப்பநிலையிற் பதப்படுத்திப் பெறும் ஏவிய காபனை இலங்கை பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கின்றது. அதில் ஒரு கிராமின் நுண்டுளைகளை விரித்துப் பார்க்கின் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர், அஃதாவது நம் யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு நிலத்தளவு வரும். நாற்ற ஆவி அப்பரப்பிலே ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கரி அத்துணை ஆற்றலுடையதன்று. எனினும் ஓரளவு பயன்தரும். இரட்டைத் துணியில் முடிந்து வைக்குக. இன்றேல் சாட்டின் கறுத்துவிடும்.

நான்காவது, காலின் தூய்மை. சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமறத் துடைத்த பின்னரே சப்பாத்தை அணிக. வியர்வை மிகுந்தோர்க்குத் தேயிலைச் சாயம் உதவும். இரண்டு தேயிலைப் பைகளை அரை லீற்றர் நீரிற் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு லீற்றர் குளிர்நீர் சேர்த்து, இளஞ்சூட்டில் இருபது நிமிடம் காலை ஊறவைத்தல் வழக்கம். தேயிலையிலுள்ள தனின் தோலைச் சற்றே இறுக்கி வியர்வையைக் குறைக்கும். தோலிற் புண் இருப்பின் இது வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

வாசனைத் தைலம் தெளித்தல், கறுவா, கராம்பு முடிந்து வைத்தல் ஆகியன மணத்தைக் கூட்டுமேயன்றி ஈரத்தை நீக்கா; உலர்ந்த சப்பாத்துக்கு அவை அணி, ஈரச் சப்பாத்துக்கு வெறும் முகமூடி. சப்பாத்தைக் குளிர்ப்பெட்டியில் உறையவைப்பாரும் உளர். உறைந்த பற்றீரியாக்களிற் பெரும்பாலன இறப்பதில்லை; உறங்கி, சூடு பெற்றதும் மீண்டும் எழும். கடும் வெயிலும் வெப்பமூட்டியும் தோலை வெடிக்கச் செய்யும்; சாட்டினின் நிறத்தை மங்கச் செய்யும். விரல்நுனிச் சப்பாத்தை நீரில் நனைத்துக் கழுவவே கூடாது; பசை இளகினால் முனை தளர்ந்து, ஆடுபவரின் காலுக்கே ஊறு நேரலாம். கன்வஸ் சப்பாத்தை மாத்திரம் குளிர்நீரிற் கையாற் கழுவி நிழலில் உலர்த்தலாம்.

இவையெல்லாஞ் செய்தும் நாற்றம் நீங்காது, உள்ளங்காலிற் சிறு குழிகளோ, அரிப்போ, தோலுரிதலோ காணப்படின் அது நோயின் அறிகுறியாகலாம். அப்பொழுது வைத்தியரை நாடுதலே முறை.

என் பேர்த்தியின் பழைய சோடி முற்றாகத் திருந்தவில்லை என்பதையும் மறையாது கூறவேண்டும். அதனை உலர்த்தி, அப்பச்சோடா இட்டுப் பயன்படுத்தியபடியே புதிய சோடியொன்றும் வாங்கி, இரண்டையும் மாறி மாறி அணியச் செய்தோம். மூன்று கிழமைகளில் நாற்றம் பெரிதும் குறைந்தது. அவள் வகுப்புக்கு மீண்டுஞ் சென்றாள். மூக்கைப் பொத்திய சிறுமிக்குப் பாற்கட்டியின் கதையைக் கூறினாளாம். அச்சிறுமியும் தன் பொலித்தீன் பையை விட்டு வலைப்பைக்கு மாறிவிட்டாளாம்.

அன்பார்ந்த மாணவர்களே, உங்களுள் எவரேனும் ஈரச் சப்பாத்தைப் பெட்டியிற் பூட்டி வைத்திருப்பின் இன்றே வெளியில் எடுத்து நிழலில் வையுங்கள். அருகிலுள்ள தோழனின் சப்பாத்து நாறுமாயின் மூக்கைப் பொத்தாது அவனுக்கும் ஒரு பழைய புதினத்தாளைக் கொடுங்கள். எனக்கு அன்று அதைக் கூறுவார் இல்லை. நானும் எவரையுங் கேட்டேனல்லேன். கேட்டிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் நம் கல்லூரி மைதானத்தில் ஓடியிருப்பேன்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!