விதை அசலா, போலியா?

பருத்திக் காயைத் துளைப்பது காய்ப்புழு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கியது பி.டி. பருத்தி. இதைத் தின்றால் காய்ப்புழு சாகும். இந்தியாவில் 2002-இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

போலி விதையும் சந்தைக்கு வந்தது. பார்த்தால் வேறுபாடு தெரியாது. சோதித்தால் தெரியும். நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் இதற்குச் சோதனைப் பட்டை உருவாக்கியது.

விதையையோ இலைத் துண்டையோ நீர்மத்தில் நசுக்கி, பட்டையை அதில் நிறுத்த வேண்டும்.

இரண்டு கோடு வந்தால் பி.டி. உண்டு.
ஒரு கோடு வந்தால் பி.டி. இல்லை.
கோடே வராவிட்டால் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இரண்டு கோடு வந்தாலும் வயலைக் கவனியுங்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யைத் தாங்கப் பழகிவிட்டது.

ரசீது, விதைப் பை இரண்டையும் பத்திரமாக வையுங்கள். விளைச்சல் பொய்த்தால் அவையே சாட்சி.

சொல்லுங்கள்: ஒரு கோடு வந்தால் என்ன பொருள்?