பேசியவர்கள் பட்டியலை அழித்துவிடுங்கள்

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. ஒரே அறையில் 27 பிள்ளைகள். நான்காம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் திரும்பினால் ஐந்தாம் வகுப்பில் சந்தை கூடிவிடுகிறது. எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், தலைமை ஆசிரியர் அழைப்பு என்று வெளியே போக நேர்ந்தால் வகுப்புத் தலைவியிடம் சாக்பீஸைக் கொடுத்து, “பேசுறவங்க பேரை போர்டுல எழுது” என்று சொல்லிவிட்டுப் போகிறேன். திரும்பி வந்தால் முதல் பெயர் எப்போதும் ஒரே பையனுடையதுதான். சில மாதங்களுக்கு முன்பு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் வகுப்பே மாறிப்போனது. இப்போது, “டீச்சர், இதைச் செஞ்சா ஸ்டார் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டையே திறக்கிறார்கள். அந்தப் பையனின் அப்பாவை வரவழைத்துப் பேசினேன். “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர், நான் கேக்க மாட்டேன்” என்றார். அடிக்க எனக்கு மனமில்லை. அடிக்காமல் வகுப்பை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

அடிக்க மனமில்லை என்கிறீர்கள். அந்த மனதை யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளாதீர்கள். தகப்பனாரே அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்ட பள்ளிகள்கூட மனத் துன்புறுத்தல் என்ற பகுதியைக் கண்டுகொள்வதில்லை. ஒரு பிள்ளையின் பெயரை நாள் தவறாமல் கரும்பலகையின் உச்சியில் எழுதிவைப்பதை நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அதனால் முதல் வேலையாக அந்தப் பட்டியலை நிறுத்திவிடுங்கள்.

நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம் அது. நீங்களும் நானும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அந்த அறைக்குள் அது என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தியைக் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குக் காவல் வைக்கிறோம். அவள் தோழியின் பெயரை விடுவாள், சண்டைக்காரியின் பெயரை எழுதுவாள்; அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. அந்தப் பையனோ, வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் தன் பெயர் பலகைக்கு வரும் என்று தெரிந்துகொண்டுவிட்டான். பிறகு எதற்காக வாயை மூட வேண்டும்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வகுப்பறையில் பிள்ளைகள் எல்லாவற்றையும்விட அதிகம் விரும்புவது ஆசிரியரின் கவனத்தை. திட்டாக வந்தாலும் அது கவனம்தான். 1968இல் அமெரிக்காவில் சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் முதலியோர் ஒரு முதல் வகுப்பில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இடத்தைவிட்டு எழுந்து நிற்கும் பிள்ளைகளிடம் “உட்கார்” என்று ஆசிரியர்கள் வழக்கத்தைவிட அதிகமுறை சொன்னார்கள். சொல்லச் சொல்ல எழுந்து நிற்பது கூடியது. அதை விட்டுவிட்டு, உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் எழுந்து நிற்பது குறைந்தது. அதே ஆண்டில் இவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, விதிகளை எழுதிப் போட்டு நினைவூட்டிக்கொண்டே இருப்பதால் மட்டும் ஏறக்குறைய எந்த மாற்றமும் வரவில்லை என்று காட்டியது. சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, சரியாகச் செய்பவர்களைக் கவனித்துச் சொன்னபோதுதான் வகுப்பு மாறியது. கண்டுகொள்ளாமல் விடுவது சின்னச் சேட்டைக்கு மட்டும்தான். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்தாலோ, கேலி பேசி அழவைத்தாலோ உடனே நடுவில் போய் நிற்க வேண்டும்.

இனி உங்கள் அறைக்கு வருவோம். ஒருத்தர் இரண்டு வகுப்பை நடத்தும்போது, சத்தத்துக்குப் பெரும்பாலும் குறும்பு காரணமில்லை. அடுத்து என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போவதுதான் காரணம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் எனக்குக் குறைகள் தெரியும். ஆனாலும் அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியைப் பார்த்துத் தன் பாட அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு உட்காரப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியர் இன்னொரு குழுவோடு தரையில் உட்கார்ந்திருந்தாலும் வேலை நின்றுவிடவில்லை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதையும் இதற்குப் பயன்படுத்தலாம். நான்காம் வகுப்புப் பக்கம் திரும்புவதற்கு முன்பே ஐந்தாம் வகுப்பின் கையில் வேலை இருக்கட்டும். முடித்தவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் பலகையில் இருக்கட்டும். பட்டியலை அழித்த இடத்தில் அதை எழுதுங்கள்.

“அமைதியா இரு” என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரிகிற கட்டளை இல்லை. பேசவே கூடாதா, மெல்லப் பேசலாமா, பென்சில் கேட்கலாமா? எதுவும் அதில் இல்லை. வகுத்தலைச் சொல்லிக்கொடுப்பதைப் போலவே நடத்தையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று குரல்களைப் பழக்குங்கள்: பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரல், குழுவுக்குக் கேட்கும் குரல், மைதானக் குரல். ஒவ்வொன்றையும் பிள்ளைகளே பேசிக் காட்டட்டும். நீங்கள் ஒரு தாளத்தில் கைதட்டினால் அவர்கள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டிவிட்டு உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வையுங்கள். தட்டு எடுப்பது, கை கழுவுவது, வரிசையில் போவது எல்லாவற்றையும் நடந்து பார்த்துப் பழகட்டும். நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் இன்னொருமுறை பழக்குங்கள்.

பாராட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். “குட் பாய்”, “வெரி குட்”, எல்லாரும் ஒரு கைதட்டு என்பதெல்லாம் பிள்ளைகளின் காதில் விழுந்து போய்விடும். “நான் சொல்றதுக்கு முன்னாடியே தேதி போட்டு நோட்டைத் திறந்து வச்சிருக்கீங்க” என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அப்போதுதான் பிள்ளைக்குத் தெரியும். கூச்சப்படும் பிள்ளையிடம் அருகில் போய் மெதுவாகச் சொன்னால் போதும். “அவளைப் பாரு, எப்படி உட்கார்ந்திருக்கா” என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்கும் பிள்ளைக்கு அவமானம், அந்தப் பெண்ணுக்கு இடைவேளையில் வம்பு.

ஸ்டிக்கரில் நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்படியே கொடுத்தார்கள். பின்னால் விளையாட்டு நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்துபோனது. முன்னால் சொல்லாமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆகவே ‘செய்தால் தருவேன்’ என்ற பேரத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு இந்த மாதத்தோடு ஸ்டிக்கரை முடித்துக்கொள்ளலாம்.

பரிசு வேண்டுமென்றால், காசு செலவில்லாத, எல்லாருக்கும் சேர்ந்து கிடைக்கும் பரிசாக இருக்கட்டும். இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஒன்றில் நடத்திப் பார்த்து 1969இல் வெளியிடப்பட்ட ‘நன்னடத்தை விளையாட்டு’ அது. வகுப்பை அணிகளாகப் பிரித்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் விதி மீறல் ஒரு எண்ணிக்கையைத் தாண்டாத அணிகளெல்லாம் வெற்றி பெற்றதாக வைக்கிறார்கள். எல்லா அணிகளும் வெல்லலாம் என்பதுதான் இதன் அழகு. 1980களின் நடுவில் பால்டிமோர் நகரத்து முதல் வகுப்புகளில் ஷெப்பர்ட் கெல்லம் குழுவினர் இதைப் பெரிய அளவில் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளை 19–21 வயதில் மீண்டும் பார்த்தபோது, முதல் வகுப்பில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடையே போதைப் பழக்கம் குறைவாக இருந்தது தெரியவந்தது.

உங்கள் வகுப்பில் இதை ஒரு பாடவேளைக்கு மட்டும், கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். பரிசு ஒரு கதையாகவோ, விடுகதையாகவோ, நொண்டி ஆட்டமாகவோ இருக்கட்டும். அணியை நீங்களே பிரியுங்கள். ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் வேண்டாம். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே அணியில் சேரவும் விடாதீர்கள். நம் ஊர்களில் தெரு என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பைப் பெருக்குவதும் தண்ணீர்க் குடம் வைப்பதும் எல்லாருக்கும் முறை மாறி வரட்டும். அவற்றை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட சில பிள்ளைகளின் தலையிலேயே விழவும் விடாதீர்கள். கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

அந்தப் பையனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரு வாரம் அவனைத் திருத்தப் போகாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். எந்த நேரத்தில் தொந்தரவு தொடங்குகிறது, அதற்குச் சற்று முன்னால் வகுப்பில் என்ன நடந்தது என்று குறித்து வையுங்கள். தமிழ்ப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கும் நேரத்தில் தொடங்குகிறதென்றால் அவனுக்கு வாசிக்க வரவில்லை என்று பொருள் கொள்ளலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிட அடங்காதவன் என்று பெயர் வாங்குவது பத்து வயதுப் பையனுக்கு மேல். அப்படியிருந்தால் அவனுக்கு வேண்டியது தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் சிறிது நேரம். அவனுக்கு எளிதாக இருக்கும் ஒரு பக்கத்தை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுநாள் அதை மட்டும் வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள்.

காலையில்தான் சிக்கல் என்றால் பசியைப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் அதைச் சாப்பிடும் நேரத்துக்கு வந்து சேருகிறானா? தம்பி தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிவருகிறானா? இதையெல்லாம் அவனிடமே கேட்கலாம். தினமும் இரண்டு நிமிடம் அவனோடு நடத்தையைப் பற்றிப் பேசாமல் வேறு ஏதாவது பேசுங்கள். அவன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றிக்கூட இருக்கலாம்.

அப்பாவை மறுபடியும் வரவழைக்க வேண்டாம். அவன் நன்றாகச் செய்த ஒரு காரியத்துக்காக நீங்களே அவருக்குப் போன் செய்யுங்கள். பள்ளியிலிருந்து அவருக்கு இதுவரை வந்தது புகார் மட்டும்தான் என்றால், தோலை உரிக்கச் சொன்னது கோபத்தைவிடக் கூச்சத்தால் இருக்கலாம்.

கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் எடுத்துக்கொள்வதும் ஒரு நான்காம் வகுப்பைத்தான். முதல் நாள் அவர் பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறார். கதை சொல்லத் தொடங்கிய பிறகே வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. ஒரே மாலையில் வாசித்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். பட்டியலை நிறுத்துங்கள், கைதட்டுத் தாளத்தைப் பழக்குங்கள், ஐந்தாம் வகுப்பின் கையில் வேலையைக் கொடுங்கள். மற்றவை பிறகு வரட்டும். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சில நேரங்களில் பலகை தெரிவதில்லை, அல்லது காது சரியாகக் கேட்பதில்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு அடுத்து எப்போது வருகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நாளாகும் என்றால் காத்திருக்க வேண்டாம். அவன் கண்ணையும் காதையும் இந்த மாதத்துக்குள் பரிசோதிக்கச் செய்துவிடுங்கள்.