மணல்வாரி இறங்கிய பிறகும் கவனம்!

நம் திண்டுக்கல் பக்கம் பிள்ளைக்கு மணல்வாரி போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, 'அப்பாடா, அம்மா இறங்கிட்டா' என்று பெருமூச்சு விடுவோம். தாராளமாகக் கும்பிடுங்கள். ஆனால் அடுத்த சில வாரங்களுக்குப் பிள்ளை மேல் ஒரு கண் இருக்கட்டும். தட்டம்மை வைரஸ் தோலோடு நிற்பதில்லை!

மூளைக்கு என்ன ஆபத்து?

சுமார் ஆயிரம் பேரில் ஒருவருக்கு மூளை வீங்கும். தடிப்பு அடங்குகிற நேரத்தில் மறுபடி காய்ச்சல், தலைவலி, வாந்தி, பிதற்றல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் இதெல்லாம் வந்தால் அரைநாள்கூடத் தாமதிக்காதீர்கள். ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டாலின் மகள் ஒலிவியா, 1962-ல் ஏழு வயதில், தேறி வருகிறாள் என்று வீட்டார் நினைத்திருந்தபோதுதான் இப்படி இறந்துபோனாள்.

பார்வை ஏன் மங்குகிறது?

அரிதாக, வைரஸை எதிர்க்க வேண்டிய நம் உடம்பே கண் நரம்பைத் தாக்கிவிடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். பிள்ளையோ 'போர்டு தெரியலம்மா' என்பான். சிவப்பு நிறம் வெளிறித் தெரியும்; கண்ணை அசைத்தால் வலிக்கலாம். கண்ணாடிக் கடைக்குப் போகாமல் நேரே கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பார்வை திரும்பிவிடும்.

கருவிழி புண்ணாவது வேறு சங்கதி. வைட்டமின் 'ஏ' குறைந்த பிள்ளைகளுக்கு அது பார்வையையே பறித்துவிடும். அதனால்தான் தட்டம்மை வந்த குழந்தைக்கு வயதுக்கேற்ற அளவில் இரண்டு நாள் வைட்டமின் 'ஏ' கொடுக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பச்சிலைச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

வருஷம் கழித்தும் வருமா?

வரும். மூளையில் பதுங்கிய வைரஸ் ஏழு முதல் பத்து வருஷம் கழித்துத் தலைகாட்டலாம். நன்றாகப் படித்த பிள்ளை மந்தமாகும். கைகால் வெட்டி இழுக்கும். சிலருக்குப் பார்வைதான் முதலில் போகும். இதை முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை. இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களுக்கே ஆபத்து அதிகம்.

வழி என்ன?

தடுப்பூசிதான். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய முகாமில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் இதுவே. உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் நாளைக்கே நர்சம்மாவிடம் கேளுங்கள்.