விளையாட்டு வீரர் நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியா?

சென்ற ரமளானில் ஒரு வீட்டார் என்னை அழைத்தனர். பதினான்கு வயதுப் பிள்ளை கடுங்காய்ச்சலில் கிடக்கிறான். மருந்து குடிக்க மறுக்கிறான். "ஹாஷிம் ஆம்லா நோன்போடு 311 ஓட்டம் எடுத்தாரே ஹஸ்ரத், நான் காய்ச்சலுக்காக விடுவதா?" என்றான். அவன் உம்மா அழுதுகொண்டிருந்தார்.

ஆர்வம் நல்லதுதான், செய்தி பிழையானது. 2012 ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் ஆம்லா ஆட்டமிழக்காமல் 311 எடுத்ததும், அப்போது ரமளான் பிறந்ததும் உண்மை. ஆனால் தாம் பயணத்தில் இருப்பதால் நோன்பு வைக்கவில்லை, ஊர் திரும்பி நிறைவேற்றுவதாக அவரே ஒளிக்காமல் சொன்னார். முஸாபிருக்கும் நோயாளிக்கும் உள்ள இச்சலுகை ஸூரத்துல் பகராவின் 184ஆம் வசனத்தில் இருக்கிறது. புகழ்வதாக எண்ணி அவர்மீது ஒரு பொய்யை ஏற்றிவிட்டோம். (நம் மேடைகளிலும் இது சொல்லப்பட்டதைக் கேட்டிருக்கிறேன்.)

அன்பர்களே! வாழ்வு முழுமைக்கும் 'உஸ்வத்துன் ஹஸனா' என்று அல்லாஹ் காட்டியது அவனுடைய தூதர் (ஸல்) அவர்களையே (33:21). மற்றவரிடம் ஒரு செயலை மட்டும், அதுவும் ஷரீஅத்தின் தராசில் நிறுத்துப் பார்த்தே எடுக்கலாம். மதுபான நிறுவனத்தின் சின்னத்தைச் சட்டையில் அணிய ஆம்லா மறுத்தார். அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 1995 பிப்ரவரியில் ஹகீம் ஒலாஜுவான் நோன்போடு கூடைப்பந்து ஆடி, அம்மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்வானார், அதையும் சொல்லலாம்.

முஹம்மது அலீ விஷயத்தில் நிதானம் வேண்டும். 1967ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்து, உலகப் பட்டத்தையே இழந்தார். 1971ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அத்துணிவு பெரிது. எனினும் அந்நாளில் அவர் இருந்த இயக்கத்தின் கொள்கை நம் அகீதா அன்று. 1975க்குப் பிறகே அதை விட்டு வந்தார். முகத்தில் அடிப்பதை ஹதீஸ் தடுத்திருக்க, அவர் தொழிலோ அதுவே! உயிரோடிருப்பவர் எவரும் பித்னாவிலிருந்து தப்பியவர் அல்லர் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் எச்சரித்ததும் இதற்காகத்தான். வீரர் சறுக்கினால், அவரைப் பார்த்துத் தொழ வந்த பிள்ளை என்னாவான்?

சுவரில் ஒட்டிய படத்தைக் கிழிக்கட்டுமா என்று அப்பிள்ளையின் வாப்பா கேட்டார். கோபத்தில் கிழித்தால் அவன் மனத்தில் அது இன்னும் ஆழப் பதியும் என்றேன். பிறகு பிள்ளையின் அருகில் அமர்ந்து ஆம்லா சொன்னதை எடுத்துரைத்தேன். சற்று நேரம் கூரையைப் பார்த்தவன், "அவரே விட்டாரா?" என்று கேட்டு, மருந்துக் கிண்ணத்துக்குக் கை நீட்டினான். விடுபட்ட நான்கு நோன்புகளையும் ஷவ்வாலில் களாச் செய்துவிட்டான்.