இணையத்தளமும் பில் புத்தகமும்

கடைக்கு இணையத்தளம் செய்விக்கும் நம் வியாபாரிகள் முதலில் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பேன். பக்கத்தின் தோற்றத்தையும் கணக்கையும் ஒன்றாகக் கலந்து எழுதுவார்களா, பிரித்து எழுதுவார்களா?

எந்த இணையப் பக்கமும் கடைசியில் எச்.ரி.எம்.எல். வடிவிலேயே வாடிக்கையாளரின் திரைக்குப் போகிறது. அதைத் தயாரிக்க இரு வழிகள் உள்ளன.

முதலாவது, புரோகிராமுக்குள்ளேயே பக்கத்தை வரி வரியாக எழுதுவது. வெற்றுத் தாளில் கடைப் பெயர், விலாசம், கோடு எல்லாவற்றையும் ஒவ்வொரு பில்லுக்கும் கையால் எழுதுவதற்கு இது சமம். 1990களில் பேர்ள் மொழியில் பலரும் இப்படித்தான் செய்தார்கள்.

இரண்டாவது, டெம்ப்ளேட். இது அச்சடித்த பில் புத்தகம். பொருளின் பெயர், அளவு, விலை ஆகிய வெற்றிடங்களை மட்டும் புரோகிராம் நிரப்பும். பி.எச்.பி.யில் ஸ்மார்ட்டி, பைத்தானில் ஜாங்கோ என்பன இதற்கு உதவுகின்றன.

இலாபம் எங்கே? 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15இலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. கணக்கு தனியே இருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். பக்கங்களோடு கலந்திருந்தால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒன்று தவறினாலும் பிழையான பில் போகும். அதேபோல, மலிவு விற்பனைக்காகப் பக்கத்தின் நிறத்தை மாற்றுபவர் கணக்கில் கை வைக்கத் தேவையில்லை.

பாதுகாப்பும் இருக்கிறது. கருத்து எழுதும் கட்டத்தில் ஒரு விஷமி ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையை எழுதினால், அது மற்ற வாடிக்கையாளரின் கணினியில் இயங்கக்கூடும். ஜாங்கோவின் டெம்ப்ளேட் 2008இல் வந்த 1.0 பதிப்பு முதல் இத்தகைய எழுத்துக்களைத் தானாகவே செயலிழக்கச் செய்கிறது. கையால் எழுதும்போது ஒவ்வோரிடத்திலும் நாமே ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும்.

ஆனால், டெம்ப்ளேட்டுக்குள் கணக்கைத் திணித்தால் பழைய குழப்பமே திரும்பும். 2013இல் பேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் பக்கத்தைக் குறியீட்டுக்குள்ளேயே எழுதுகிறது. ஆயினும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒழுங்காக வைக்கிறது. ஆகவே கருவியைவிட ஒழுங்குதான் முக்கியம். ஓரிரு பக்கங்கள் மட்டுமே உள்ள தளத்துக்கு முதல் வழியும் போதும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். வரி வீதம் எத்தனை இடத்தில் எழுதப்படும்? தோற்றத்தை வேறொருவர் மாற்ற முடியுமா? மூலக் கோப்புகள் உங்கள் கைக்கு வருமா? மூன்றுக்கும் தெளிவான பதில் தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் அதே ஆளிடமே பணம் கொடுத்துக்கொண்டிருக்க நேரிடும்.